புதுப்பிப்பு: மச்சான் கேஸ் எர்ணாகுளம் போய்ச் சேர்ந்தது

முன்பு கேட்டிருந்தேன்: கொழிஞ்சாம்பாறைக்காரர் எங்க மச்சான். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 111ஆம் பிரிவில், திட்டமிட்டுக் குற்றம் செய்யும் கும்பலின் உறுப்பினர் என்று பாலக்காடு செஷன்ஸ் கோர்ட்டில் 5 வருடம், 5 லட்சம் அபராதம். அந்தப் பிரிவில் குறைந்தபட்சமே அதுதான். அப்பீலுக்கு வழி உண்டா என்பது என் கேள்வி.

உண்டு. எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள ஹைகோர்ட்டில் அப்பீல் போட 60 நாள் கெடு. தீர்ப்பு நகல் குற்றவாளிக்கு இலவசம். பணமில்லாதவர்கள் கவனிக்க: சிறைக்குள் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; ஜெயில் அதிகாரி மூலமாகவே அப்பீல் மனுவும் கொடுக்கலாம். இதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை, நாங்கள் நகையை அடகு வைத்த பிறகுதான் தெரிந்தது.

வாதத்தின் உயிர்நாடி இதுதான். கும்பல் குற்றம் என்றால் 'தொடர் சட்டவிரோதச் செயல்' இருக்க வேண்டும்: முந்தைய 10 வருடத்துக்குள், 3 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகி கோர்ட் அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும். மச்சான் மேல் பழைய கேஸ் இரண்டு. அதில் ஒன்று எஃப்.ஐ.ஆரோடு நின்றது, குற்றப்பத்திரிகையே இல்லை. ஆளை நல்லவர் என்று நான் சாதிக்க வரவில்லை. கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான்.

அப்பீலை ஏற்றுக்கொண்டார்கள். தண்டனையை நிறுத்திவைக்கும் மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அக்கா விய்யூர் ஜெயிலுக்கு மச்சானைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறாள்.