'வுட்' என்னும் ஆங்கில வினைவடிவம் எந்தக் காலத்தைக் குறிக்கிறது?

கேள்வி:
'வில்' என்பதன் இறந்தகால வடிவமே 'வுட்' என்று படித்திருக்கிறேன். ஆனால் 'வுட் யூ ஓப்பன் த டோர்?' என்று கேட்பவர் இனி நடக்க வேண்டியதைக் கேட்கிறார். 'ஷீ வுட் சிங் எவ்ரி ஈவ்னிங்' என்பதோ முன்பு நடந்ததைச் சொல்கிறது. பயன்பாடுகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யாமல் இதைப் புரிந்துகொள்ள வழி உண்டா?

மறுமொழி 1:
இரண்டாவது வாக்கியத்துக்குத் தமிழே வழிகாட்டும். 'பாட்டி அப்போதெல்லாம் மாலையில் பாடுவார்' என்கிறோம். 'பாடுவார்' வடிவத்தில் எதிர்காலம், பொருளில் கடந்தகால வழக்கம். 'வுட் சிங்' என்பதும் அதுவே. ஆனால் திரும்பத் திரும்ப நிகழ்ந்த செயலுக்கே இது பொருந்தும். முன்பு ஒரு நாய் வைத்திருந்தோம் என்பது போன்ற நிலையைச் சொல்ல 'வுட்' பொருந்தாது, 'யூஸ்ட் டு ஹாவ்' என்று எழுதலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. வேரையும் பார்த்தால் மற்றவை தெளிவாகும். பழைய ஆங்கிலத்தில் 'வில்லன்' என்றால் விரும்புதல். அதன் இறந்தகாலமான 'வோல்டே'தான் இன்றைய 'வுட்'. அந்த விருப்பப் பொருள் 'த டோர் வுட் நாட் ஓப்பன்' என்பதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாமும் எவ்வளவு தள்ளினாலும் கதவு 'திறக்கவே மாட்டேன் என்றது' என்று, அதற்கும் மனம் இருப்பதைப் போலத்தானே சொல்கிறோம்! இவ்வடிவம் காட்டும் தொலைவு எப்போதும் காலத்தின் தொலைவாக இருப்பதில்லை: வேண்டுகோளில் அது கேட்பவரை வற்புறுத்தாமல் விலகி நிற்கும் பணிவாகிறது, 'இஃப் ஐ ஹாட் டைம், ஐ வுட் ரீட்' என்பதில் நடப்பிலிருந்து விலகிய கற்பனையாகிறது. நேரம் இருந்திருந்தால் 'படித்திருப்பேன்' என்பதற்கு 'வுட் ஹாவ் ரெட்'. பணிவு என்று எண்ணி 'ஐ வுட் சென்ட் இட் டுமாரோ' என்று எழுதுவோரை அடிக்கடி காண்கிறேன். படிப்பவருக்கு அது ஏதோ நிபந்தனை மறைந்திருப்பதாகவே தோன்றும். உறுதி அளிக்கும்போது 'வில்' என்றே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
'மாட்டேன் என்றது' என்ற ஒப்புமை என் குழப்பத்தைத் தீர்த்தது, இருவருக்கும் நன்றி. 'ஐட்' என்று சுருக்கி எழுதும்போது அது 'வுட்'டா, 'ஹாட்'டா என்று எப்படி அறிவது?

மறுமொழி 3:
அடுத்த சொல்லைப் பாருங்கள். 'ஐட் கோ' என்றால் 'வுட்'. 'ஐட் கான்' என்றால் 'ஹாட்'. 'ஐட் பெட்டர் கோ' என்பதில் மட்டும் 'கோ' வந்தாலும் அது 'ஹாட்'தான்.