பௌதிக இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம்: வாய்மொழிப் பரீட்சைப் பயிற்சிக்கு ஆள் தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

ஹட்டன், கொட்டகலைப் பக்கம் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் முடித்த சில பிள்ளைகள் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத் தேர்ச்சி எல்லாம் சமாளிக்கலாம். உள்ளே போன பிறகுதான் சிக்கல். முதல் வருடம் குவாண்டம் பொறிமுறை, புள்ளியியல் வெப்பவியக்கவியல், நிறமாலையியல். பல இடங்களில் இரண்டாம் வருடத்தில் தகுதிகாண் வாய்மொழிப் பரீட்சை. அங்கே சூத்திரத்தை ஒப்புவித்தால் போதாது.

"நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கிறதே, கணித்துக் காட்டு" என்றால் அமுக்கத்தையும் கொதிநிலையையும் தொடர்புபடுத்தும் கிளாசியஸ்-கிளாப்பெய்ரோன் சமன்பாட்டைச் சரியாக எழுதுவார்கள். ஆனால் வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற மாட்டார்கள். ஆவியாதல் வெப்பவுள்ளுறையை, அதாவது ஒரு மூல் தண்ணீரை ஆவியாக்கத் தேவையான 40.7 கிலோயூலை, யூலாக்காமலே வாயு மாறிலி 8.314 ஆல் வகுப்பார்கள். 4,900 வரவேண்டிய இடத்தில் 4.9 நிற்கும். "வெப்பவுள்ளுறையை மாறிலியாக ஏன் எடுத்தாய்?" என்று அடுத்த கேள்வி வந்தால் வாயே திறக்காது. கெட்டிக்காரப் பிள்ளைகள், கரும்பலகை முன் நின்று பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பரீட்சையைத் தாண்டியவர்கள் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் சூமில் வந்து, இடைமறித்துக் கேள்வி கேட்க முடியுமா? பழைய வினாத்தாள்கள் இருந்தாலும் தாருங்கள். எந்த வாரம் வசதி என்று கீழே எழுதுங்கள்.