'லோகன்' (2017): படம் முடிஞ்சும் விடாம துரத்துற ஒரு காட்சி சொல்லுங்க

நைட்ஷோ:
ஆரம்பச் சண்டை. லோகன், அதாவது ஹ்யூ ஜாக்மனோட வோல்வரின், தன் லிமோ சக்கரத்தைக் கழட்ட வந்தவனுங்ககிட்ட அடி வாங்கி எழுந்து முஷ்டியை மடக்குறார், கையிலேர்ந்து வர்ற உலோக நகத்துல (க்ளா) ஒண்ணு மட்டும் பாதியிலேயே நின்னுடுது. 2000-லேர்ந்து மூணும் ஒண்ணா சீறிக்கிட்டு வந்த கை அது! தலை வெட்டு, ரத்தம் எல்லாம் அப்புறம்தான். உடம்புக்குள்ள எலும்போட சேர்ந்திருக்கிற அடமாண்டியம்ங்கற உலோகமே விஷமா ஊறுதுங்கறதை ரொம்ப நேரம் கழிச்சுதான் வாயால சொல்றாங்க. ஆனா டைரக்டர் மேங்கோல்ட் முதல் அஞ்சு நிமிஷத்துலயே ஒரு மக்கர் பண்ற க்ளாவை வெச்சுக் காட்டிட்டார். உங்களுக்கு எது?

ரீல் பெட்டி:
சார்லஸ் சாவு, அதான் லோகன் கூட வெச்சுப் பார்த்துக்கிற வயசான ப்ரொஃபஸர் எக்ஸ். வேற பேச்சே இல்ல. குத்தினது லோகன் மூஞ்சியோட வந்த க்ளோன் எக்ஸ்-24, ஆனா லோகன்தான் தன்னைக் குத்தினான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டார் மனுஷன். அந்த ஒரு விஷயத்துக்காகவே மறுபடி பார்க்கத் தெம்பில்ல.

பேனல் பை பேனல்:
ரீல் பெட்டி, அப்படி முடிவு கட்டாதீங்க. லோகன் அவரைத் தூக்கிட்டுப் போய் வண்டியில கிடத்தும்போது 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு சொல்லிக்கிட்டே போறார். சார்லஸ் கடைசியா முணுமுணுக்கிறது சன்சீக்கர் போட்டைப் பத்தி. ரெண்டு பேரும் வாங்கிட்டு கடலோட போயிடலாம்னு கனவு கண்ட அதே போட். குத்தினவன்னு நெனச்ச ஆள்கிட்ட யாராவது அதைப் பேசுவாங்களா?

உறுத்த வேண்டியது அதுக்கு ரெண்டு நிமிஷம் முந்தினது. தன்னோட பள்ளிக்கூடம் இருந்த வெஸ்ட்செஸ்டர்ல, சுத்தி இருக்கிறவங்களையே உறைய வெச்சுக் கொல்ற தன்னோட வலிப்பால என்ன நடந்துச்சுன்னு அவருக்கு அப்பதான் ஞாபகம் திரும்புது. சொந்தப் பிள்ளைங்க மாதிரி வளர்த்தவங்களைத் தானே கொன்னுட்டோம், இந்த ராத்திரி கிடைச்ச நிம்மதிக்கு நான் தகுதியில்லைன்னு மனசைத் திறக்கிறார். எதிர்ல நிக்கிறது எக்ஸ்-24. அந்த வார்த்தை லோகன் காதுக்குப் போய்ச் சேரவே இல்ல. கடைசி வரைக்கும். ஒரு வருஷமா அதை அவருக்கு மறைச்சு, மாத்திரையும் ஊசியுமா பார்த்துக்கிட்டது லோகன், அந்த மன்னிப்பு போய்ச் சேர்ந்தது ஒரு க்ளோன்கிட்ட.

மேட்டுத்தெரு:
அவங்களுக்கு ராத்திரி தங்க இடம் குடுத்த பண்ணைக்கார மன்சன் குடும்பத்தை எல்லாரும் மறந்துடறீங்க. வில் மன்சன் உயிர் போற நேரத்துல வண்டியால எக்ஸ்-24-ஐ இடிச்சு பண்ணை எந்திரத்தோட சேர்த்துக் குத்தி நிறுத்துறார், சுடறார். அப்புறம் துப்பாக்கி லோகன் பக்கம் திரும்புது. விசையை அழுத்துறார், க்ளிக். குண்டு தீர்ந்து போச்சு. அப்படியே சரிஞ்சுடறார். ஒரு குண்டு மிச்சம் இருந்திருந்தா சுட்டிருப்பார், சுட்டிருந்தா தப்பும் இல்ல. மத்த சூப்பர்ஹீரோ படத்துல காப்பாத்தப்பட்ட குடும்பம் நன்றி சொல்லும். இங்க அவங்களைத் தேடி வந்த சாவே லோகன் பின்னாடி வந்ததுதான்.

கதைக்குத் தேவையில்லாத கொலைன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. ராத்திரி தங்க வேண்டாம்னு லோகன் சொன்னார், சார்லஸ்தான் கேக்கல.

முதல் வரிசை:
மேட்டுத்தெரு சொன்ன அந்தப் பண்ணைக் காட்சியைத்தான் பாதிப் பேர் வீட்டுல சரியாவே பார்த்திருக்க மாட்டாங்க. ராத்திரி, இருட்டு. கறுப்பு பனியன், தாடியில்லாத கிருதா, அது எக்ஸ்-24. நரைச்ச தாடி லோகன். டிவியில கறுப்பு நசுங்கிப் போனா ரெண்டு பேரும் ஒரே நிழல்தான். காரணம் பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச்: ப்ளேயர்ல 'லிமிடெட்'னு வெச்சு டிவியில 'ஃபுல்'னு வெச்சா கறுப்பு வெளுத்துப் புகை மாதிரி தெரியும், மாத்தி வெச்சா இருட்டுல இருக்கிற விவரம் முழுக்கப் போயிடும். ரெண்டு பக்கமும் ஒண்ணா வைங்க. படத்தை சீரியல் மாதிரி வழுவழுன்னு ஓட வைக்கிற மோஷன் ஸ்மூத்திங் ஆஃப். ஷார்ப்னஸ் குறைச்சிடுங்க. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அதையே போடுங்க, முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். 'லோகன் நுவார்' கறுப்பு வெள்ளைப் பதிப்பு 2017 மே மாசம் வந்துச்சு. அது கிடைக்கலன்னு ரிமோட்ல கலரைப் பூஜ்யமாக்கிப் பார்க்கிறவங்க இருக்காங்க. வேண்டாம். டிவி வெளிச்சத்தைக் கணக்குப் போடறப்போ பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. அதனால ரத்தம் சட்டையோட கலந்து அழுக்கு மாதிரி ஆயிடும், கடைசிக் காட்டுச் சண்டையில இலையெல்லாம் முன்னாடி வந்து மூஞ்சிங்க பின்னாடி போயிடும். நுவாருக்கு ஷாட் ஷாட்டா தனியா டோன் பிடிச்சிருக்காங்க. ஜாக்மன் கன்னத்துல இருக்கிற வடு, கண்ணுக்குக் கீழ இருக்கிற சுருக்கம் எல்லாம் தனித்தனியா எழுந்து நிக்கும். ஆனா முதல் தடவை கலர்லயே பாருங்க. அந்த மெக்ஸிகோ எல்லை வெயிலும் துருப்பிடிச்ச தண்ணித் தொட்டியும் கலர்லதான் உறைக்கும்.

என் காட்சியா? ஓட்டல்ல சார்லஸுக்கு வர்ற வலிப்பு. எல்லாரும் உறைஞ்சு நிக்க, லோகன் மட்டும் சுவத்துல க்ளாவைக் குத்திக் குத்தி நகர்றது.

ரீல் பெட்டி:
பேனல், அந்த 'போட்' வாதம் பாதிதான் ஒப்புக்குவேன். அவருக்கு மூளை தேஞ்சுக்கிட்டே வந்த ஆள். கண் முன்னாடி யார் இருந்தாலும் போட்டைப் பத்திப் பேசியிருப்பார். படம் வேணும்னே திறந்து விட்டிருக்கு. மன்னிப்பு தப்பான ஆள்கிட்ட போச்சுங்கறதை மட்டும் மறுக்க முடியல, இப்ப அதுவும் சேர்ந்து படுத்துது.

சாய்வு நாற்காலி:
எல்லாம் சரி, 2024-ல 'டெட்பூல் & வோல்வரின்' படத்துல டெட்பூல் வந்து லோகனைப் புதைச்ச குழியைத் தோண்டி எலும்பாலயே சண்டை போட்டானே, அதுக்கப்புறம் லோகன் மரபணுவுல உருவான பொண்ணு லாரா அவர் கல்லறைச் சிலுவையைச் சாய்ச்சு எக்ஸ் ஆக்குறதைப் பழைய மாதிரி பார்க்க முடியுதா? எனக்கு முடியல.

பேனல் பை பேனல்:
நாற்காலி, அதுல உயிரோட வர்றது வேற உலகத்து வோல்வரின்னு அந்தப் படமே சொல்லுது. இந்த லோகன் செத்தது செத்ததுதான், எலும்புக்கூடே அதுக்குச் சாட்சி. வரிசையா பார்க்க நெனைக்கிறவங்க 2000 'எக்ஸ்-மென்', 2003 'எக்ஸ்2', 2013 'தி வோல்வரின்' மூணையும் பார்த்துட்டு நேரா 'லோகன்' போங்க. 2009 'ஆரிஜின்ஸ்' தேவையே இல்ல, அடமாண்டியம் குண்டு எதுக்குன்னு இந்தப் படமே விளக்கிடும். லோகன் தனக்குன்னு எடுத்து வெச்ச குண்டு அது. லாரா அதை எக்ஸ்-24 தலையில இறக்குறா. இன்னொண்ணு, கிரெடிட்ஸ் முடியற வரைக்கும் உட்கார்ந்து எதிர்பார்க்காதீங்க. ஜானி கேஷ் பாட்டு ஓடும், அவ்வளவுதான், அதுக்கப்புறம் சீன் கிடையாது.

நைட்ஷோ:
ஷேன் வசனத்தை லாரா கல்லறையில சொல்றதை யாருமே எடுக்கலயே? 'ஷேன்' 1953-ல வந்த கௌபாய் படம். ஓட்டல் ரூம் டிவியில ஓடுறப்போ சார்லஸ் பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததுதான். படம் முக்கால்வாசி வாயே திறக்காத பொண்ணு, அப்பாவை வழியனுப்பச் சொந்தமா ஒரு வார்த்தை இல்லாம டிவியில கேட்டதை ஒப்பிக்குது. குழந்தைங்களோட பார்க்கலாமான்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: வேண்டாம், நம்ம ஊர் சென்ஸார் 'ஏ' குடுத்தது சும்மா இல்ல. லாரா முதல் தடவை வெளிய நடந்து வர்றப்போ கையில இருக்கிறது வெட்டின தலை.