கல் பட்டறைத் தூசியும் எங்க வேலுவும்

மேலூர், கீழவளவு பக்கம் நாய் வளர்க்கிறவங்க அவசியம் படிங்க.

வேலு எங்க மாமாவோட கிரானைட் பட்டறையில காவலுக்கு வளர்ந்த சிப்பிப்பாறை. நல்ல கறுப்பு. கட்டர் ஓடுற இடத்துக்குப் பக்கத்துலயே படுத்துக் கிடப்பான். சாயங்காலம் எந்திரிக்கும்போது உடம்பெல்லாம் வெள்ளை, கண் இமை முடி வரைக்கும் கல்மாவு அப்பியிருக்கும்.

முதல்ல வறட்டு இருமல்தான். இருமல் மருந்து, பூச்சி மருந்து எதுக்கும் கேட்கல. லாரியை வாசல் வரைக்கும் விரட்டுறவன் பாதியிலயே நின்னு மூச்சு வாங்க ஆரம்பிச்சான். மதுரைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். காய்ச்சல் இல்ல, இதயமும் நல்லா இருக்கு. ஆனா கறுப்பா தெரிய வேண்டிய நுரையீரல் முழுக்க வலை பின்னின மாதிரி வெள்ளைக் கோடுகள். டாக்டர் கேட்டாரு: "இது எங்க படுக்குதும்மா?"

சொன்னதும் அவருக்குப் புரிஞ்சிருச்சு. கிரானைட்ல குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா இருக்கு. பெரிய தூசி மூக்குலயே நின்னுடும். 5 மைக்ரானுக்கும் சின்னது நுரையீரலோட கடைசி காற்றறை வரைக்கும் போயிடும். அதை விழுங்குற செல்கள் செத்து, அந்த இடம் தழும்பாகி இறுகிடும். அந்தத் தழும்பு திரும்ப ஆறாது. நாய்க்கு இதைக் கண்டுபிடிக்கிறதே அபூர்வமாம். நாம சொல்லலைன்னா நிறைய டாக்டர்களுக்குத் தோணாமப் போயிடலாம். அதனால நாய் எங்க படுக்குதுன்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க.

இப்ப வேலு எங்க வீட்டுல. மூச்சுக்குழாயை விரிக்கிற மாத்திரை, கழுத்துப் பட்டைக்குப் பதிலா நெஞ்சுப் பட்டை. தூங்கும்போது நிமிஷத்துக்கு 30 மூச்சைத் தாண்டினா உடனே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. தினமும் விலா ஏறி இறங்குறதை எண்ணுறேன்.

பட்டறையில வேலை பார்க்கிற அண்ணன்களும் அதே காத்தைத்தானே சுவாசிக்கிறாங்க! முகத்துல கட்டுற துண்டுல அந்தத் தூசி நிக்காது. மாமா இப்ப தண்ணி விட்டுத்தான் அறுக்கிறாரு, எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வச்சாரு.

பதில் (திருப்பரங்குன்றத்திலிருந்து):

அக்கா, எல்லா இருமலும் தூசியால வர்றதில்ல. எங்க பொமரேனியன் வாத்து கத்துற மாதிரி இருமுச்சு. வீட்டுல டைல்ஸ் வெட்டினதாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. எக்ஸ்ரேயில பார்த்தா மூச்சுக்குழாயே தட்டையாயிருந்துச்சு. அதுக்கு வைத்தியமே வேற. படம் எடுக்காம மருந்து கொடுக்காதீங்க.