மார்பக இம்ப்ளாண்ட்: மாற்றி வைப்பதா, முழுவதுமாக அகற்றுவதா?

மயிலாப்பூர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். 2014-இல் புற்றுநோய்க்காக என் வலது மார்பகத்தை அகற்றியபோதே சிலிகோன் இம்ப்ளாண்ட் வைத்துச் சீரமைத்தார்கள். பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கடந்த ஓராண்டாக அந்தப் பக்கம் கல்போல் இறுகி மேலேறி நிற்கிறது. மின்சார ரயிலில் கைப்பிடியைப் பிடிக்கக் கையை உயர்த்தினாலே சுருக்கென்று வலிக்கிறது. ஒரு மருத்துவர், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும் என்கிறார். மற்றொருவர், சுற்றியுள்ள உறையையும் நீக்கி, வயிற்றுச் சதையைக் கொண்டு சீரமைக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அண்ணா நகர் சகோதரி:
உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, நானும் இதைக் கடந்து வந்தவள். இம்ப்ளாண்டைச் சுற்றி உடல் தானாகவே ஒரு மெல்லிய உறையை உண்டாக்கிக்கொள்ளும். அது தடித்துச் சுருங்கும்போதுதான் இந்த இறுக்கம் வருகிறது. உருமாற்றத்தோடு வலியும் சேர்ந்தால், இந்த இறுக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் பேக்கர் அளவுகோலில் அது நான்காம் நிலை. கதிர்வீச்சு பட்ட மார்பில் இது அதிகம் வரும், புதியதை வைத்தாலும் திரும்பக்கூடும் என்பதால், இரண்டாமவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அது நீண்ட நேரம் பிடிக்கும் அறுவை. அடிவயிற்றில் நெடுகத் தழும்பு விழும். எனக்கு வடிகுழாய்களோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவற்றை ஒரு துணிப்பையில் இட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முன்பக்கம் திறக்கும் நைட்டிகளை இப்போதே தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
அம்மா, முடிவெடுக்கும் முன் 2014-ஆம் ஆண்டின் அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். இம்ப்ளாண்டின் நிறுவனம், வரிசை எண், மேற்பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைச் சொரசொரப்பு இம்ப்ளாண்டுகளை, ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு அவற்றுக்குத் தொடர்பு தெரிந்ததால், 2019 ஜூலையில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. தொந்தரவே இல்லாதவர்கள் அதற்காக மட்டும் அகற்ற வேண்டியதில்லை. உங்களுக்கோ எப்படியும் அறுவை நடக்கப்போகிறது என்பதால், அந்த வகையாக இருந்தால் உறையை என்ன செய்வது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். திடீரென வீங்கி நீர் கோத்தால், அந்த நீரை எடுத்து, அந்த நிணநீர்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சிடி30 பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சிலிகோன் உள்ளேயே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம், ஆகவே எம்.ஆர்.ஐ. பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள்.

மயிலாப்பூர் வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பரணிலிருந்து பழைய கோப்பை இறக்கினேன். கடைசித் தாளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மங்கியிருந்தாலும் வரிசை எண்ணைப் படிக்க முடிகிறது. அதன் கீழே 'டெக்ஸ்சர்டு', அதாவது சொரசொரப்பு வகை, என்றும் இருக்கிறது. இரண்டு மருத்துவர்களுக்கும் அதன் நகலைக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள்.