அவுட்ரிக்கருக்குக் 'கைச்சட்டம்' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கார் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில், வண்டிக்கு அடியில் பாரம் சுமக்கும் சேசிஸுக்கு 'அடிச்சட்டம்' என்பதில் நமக்குள் தகராறு இல்லை. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிக்கரில்தான் இழுபறி. 'பக்கத்தாங்கி', 'போதிகை' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. நான் 'கைச்சட்டம்' என்கிறேன். காரணம் புரிய, என் வீட்டுக் கொட்டகையில் ஸ்டாண்டு மேல் நிற்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு அடியில் கொஞ்சம் தலையை நுழைக்க வேண்டும்.

அம்பாசடரிலும் பத்மினியிலும் தனி அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடலே பாரம் சுமக்கும். 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டு அப்படியல்ல. வண்டியின் நடுவே, நீளவாக்கில், இரண்டு பெட்டிச் சட்டங்கள் நெருங்கி ஓடுகின்றன. அவற்றிலிருந்து இருபுறமும் குட்டையான சட்டங்கள் கை நீட்டினாற்போல் வெளியே வருகின்றன. இவைதாம் அவுட்ரிக்கர்கள்; உடலின் பக்கப் பாரம் இவற்றின் மேல்தான் போல்ட்டில் உட்காருகிறது. மழைத்தண்ணீரும் சக்கரம் வாரியடிக்கும் சேறும் தங்குவதால் முதலில் துருப்பிடிப்பவையும் இவையே. பார்வைக்குப் பெயின்ட் நன்றாக இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். என் வண்டியில் டிக்கிக்குக் கீழே இருப்பவை காகிதமாகவே ஆகியிருந்தன.

'பக்கத்தாங்கி' ஏன் வேண்டாம் என்றால், நம் பாடநூல்களில் பேரிங்குக்கும் 'தாங்கி' என்றே பெயர். ஒரே வண்டியில் இரண்டு தாங்கி இருந்தால் குழப்பம்தான். 'போதிகை' அழகான சொல். கோயில் தூணின் தலையில் இருபுறமும் நீண்டு உத்திரத்தை ஏந்துவது அது. உருவகம் அவ்வளவு பொருத்தம். ஆனால் இலங்கைத் தமிழில் பேரிங்குக்கு அதுதான் பெயர். கடலின் இரு பக்கத்திலும் ஒரே சொல் செல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதனால் மனமில்லாமல்தான் விடுகிறேன்.

'கைச்சட்டம்' ஓட்டு வீட்டின் கூரையில் சாய்வாக நின்று ஓட்டைத் தாங்கும் கைமரத்தைப் பார்த்து வந்தது. கைமரத்தின் கீழ்முனை சுவரில் உட்காருமே, இதற்கு அப்படிச் சுவர் இல்லையே என்று நம்மில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். அதனால்தான் மரத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு முனை உடம்போடு ஒட்டியிருக்க மறுமுனை நீண்டு பாரம் ஏந்துவதைக் கை என்பது நமக்குப் பழக்கம்.

வேலையில் சொல்லிப் பார்த்தேன். "இரண்டு பக்கக் கைச்சட்டத்தையும் ஒரே நேரத்தில் அறுக்க வேண்டாம். ஒன்றை அறுத்து, புதியதைப் பொட்டு வெல்டில் நிறுத்தி, கதவு இடைவெளி சரியா என்று பார்த்து, அப்புறம் முழுசாகப் பற்றவையுங்கள்." வெல்டிங் செய்கிறவர் எதைச் சொல்கிறேன் என்று ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்தது ட்ரனியன். முன்சக்கரத்தைத் திருப்பும் நிமிர்தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது பித்தளை நிறக் கட்டை ஒன்றுக்குள் திருகி நின்று திரும்புகிறது. 'மரைமூட்டு' எனலாமா என்று யோசிக்கிறேன். ஒரு தயக்கம் உண்டு. மூட்டு என்றதும் யாரும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். இதற்கு 90 எண் கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகி மரைக்கு எண்ணெய் போகாமல் அடைத்தால், தண்ணீர் புகுந்து தண்டு அரித்து ஓட்டத்திலேயே முறியலாம், சக்கரம் மடங்கிவிடும். எண்ணெய் கேட்கும் மூட்டு என்பது பெயரிலேயே தெரிகிற மாதிரி யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.