கர்ப்போட்டம் பார்த்து விதைக்கலாமா?

கரிசக்காட்டான்:
மார்கழியில சூரியன் பூராட நட்சத்திரத்துல நிக்கிற 14 நாள்தான் கர்ப்போட்டம்; வரப்போற மழைக்கு மேகம் கருத்தரிக்கிற காலம்னு சொல்வாங்க. அந்த 14 நாளும் எங்க தாத்தா விடியுமுன்ன கிணத்துமேட்டுல ஏறிருவாரு. மேகம் திரண்டு தெக்க ஓடுனா கரு நின்னுருச்சு. வெயில் சுள்ளுனு அடிச்சா அந்த வருசம் மழையில்லாத காய்ச்சல். கனமழை பெஞ்சுட்டா, “கலைஞ்சிருச்சுடா” னு துண்டை உதறிட்டு இறங்கிருவாரு. பருத்தியா கம்பான்னு முடிவு பண்றதே இதை வச்சுத்தான். எங்க ஊர்ல இன்னைக்கும் பாக்கிறாங்க.

வானம்பாடி:
அண்ணே, கணக்கு இடிக்குதே. மேகம் கருத்தரிச்சு 195ஆம் நாள் மழைன்னு பழங்கால சோதிட அறிஞர் வராகமிகிரரோட பிருகத் சம்ஹிதைங்கிற நூல் சொல்லுது. கர்ப்போட்டம் தொடங்குற டிசம்பர் 28லேர்ந்து எண்ணுங்க, ஜூலை 11 வரும். கோவில்பட்டிப் பக்கம் ஜூலையில என்ன பெய்யுது, புழுதிக்காத்துதானே? உங்களுக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில. வராகமிகிரர் வடக்கே உஜ்ஜயினிக்காரர், அங்கே ஜூலை மழைக்காலம். அந்த ஊர்க் கணக்கை நாம கரிசல்ல வச்சுப் பாக்குறோம்.

கரிசக்காட்டான்:
நாங்க 195 எண்றதில்ல தம்பி. முத நாள் மேகம் முன்மழைக்கு, கடைசி நாள் பின்மழைக்கு. அவ்வளவுதான்.

குளத்தங்கரை:
ஊடால ஒண்ணு. “அகல்வட்டம் பகல்மழை”யை இதோட சேக்காதீங்க. நிலாவைச் சுத்தி வட்டம் விழுறது உயரத்து மேகத்துல இருக்கிற பனிப்படிகத்தால. மழைமேகத்துக்கு முன்னால அது வர்றதுண்டு. தப்புறதும் உண்டு. ஈசல் கதை வேற. மழை பெஞ்சு மண்ணு நனைஞ்ச பிறகுதான் பெரும்பாலும் புத்தைவிட்டுக் கிளம்பும். வந்த மழையைச் சொல்றதுக்கு ஈசல் எதுக்கு?

வானம்பாடி:
அதேதான். ஒரு நாளுக்கு முன்னால சொன்னா நம்ப ஒரு காரணமாவது இருக்கு. பத்து மாசத்துக்கு முன்னாலன்னா? 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. கொட்டுச்சே, அதுக்கு முந்தின மார்கழி அதைச் சொல்லுச்சா?

கரிசக்காட்டான்:
95னு எந்த ஆபீசு முன்கூட்டிச் சொல்லுச்சு? தாத்தா ஒண்ணும் குருட்டாம்போக்குல சொல்லல. வருசா வருசம் மாட்டுத்தொழுவச் சுவத்துல கரிக்கட்டியால கோடு போட்டு வச்சிருந்தாரு.

வானம்பாடி:
பலிக்காத வருசத்துக்கும் கோடு உண்டா அண்ணே?

கரிசக்காட்டான்:
உண்டு. அதுக்குப் பெருக்கல் குறி.

வானம்பாடி:
எத்தனை பெருக்கல்?

கரிசக்காட்டான்:
யாரு எண்ணுனா? போன பொங்கலுக்கு வெள்ளையடிச்சாச்சு.